வாசகர் கேள்வி – பதில்: சுழியோடல் விளையாட்டா, பொழுதுபோக்கா?

கேள்வி: என் மகன் நிலாவெளியில் சிலிண்டர் பூட்டிச் சுழியோடப் பழகி, 18 மீற்றர் ஆழம் வரை இறங்கலாம் என்ற சான்றிதழும் பெற்றுவிட்டான். இப்போது ஒரு வேலை விண்ணப்பத்தில் அதை ‘விளையாட்டு’ என்ற பகுதியில் எழுதப்போவதாகச் சொல்கிறான். பல வருடம் கடலட்டைக்குச் சுழியோடிய என் கணவரோ, “காசு கொடுத்து மீன் பார்க்கிறதுக்குப் பேர் விளையாட்டோ?” என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், குச்சவெளி

பதில்: மகனைப் ‘பொழுதுபோக்கு’ என்ற பகுதியிலேயே எழுதச் சொல்லுங்கள், அம்மா. ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. காசு கொடுத்துப் பழகுவதால் ஒன்று விளையாட்டாகாமல் போய்விடுவதென்றால் டென்னிஸும் போய்விடும். யார் முந்தினார் என்று அளக்கத் தொடங்கிய கணத்திலேயே சுழியோடல் கெட்டுவிடுகிறது. என் காரணம் அதுதான்.

தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லாதிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றில் இறங்கிக் களித்ததைப் ‘புனல் விளையாட்டு’ என்றார்கள். கபடியும் விளையாட்டு, குழந்தை மண்ணில் வீடு கட்டுவதும் விளையாட்டு. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் வந்த பிறகுதான் நமக்கு இந்தத் தலையிடி வந்தது.

போட்டி ஏன் சுழியோடலைக் கெடுக்கிறது என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 2400 லீற்றர். கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவருக்கு அது இரண்டு மணி நேரம் போதும். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 20 மீற்றர் ஆழத்தில் அதே மனிதர் மூன்று மடங்கு காற்றைச் செலவழிக்கிறார். 50 பாரை மேலே வருவதற்கென ஒதுக்கிவிட்டால் மீதி அரை மணி நேரத்துக்கே காணும். கை கால்களை வீசி வேகமாக நீந்தினால் அதுவும் காணாது. மைதானத்தில் கைதட்டல் வாங்கித் தரும் வேகமும் மூர்க்கமும் கடலடியில் காற்றைத் தின்றுவிடுகின்றன.

நான் பழகிய காலத்தில் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்கு அருகே முருகைக்கற்களின் மேலே ஓர் ஆமையைக் கண்டு, அதைத் துரத்திக்கொண்டு போனேன். ஆமை அவசரப்படவேயில்லை, இரண்டு தரம் துடுப்பை அசைத்தது, போய்விட்டது. மூச்சிரைக்கத் திரும்பிய என்னைப் பயிற்றுநர் கடிந்துகொள்ளவில்லை. என் காற்றுமானியைப் பிடித்துத் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் முள் 60 பாரில் நின்றது, அவருடையது 130இல். ‘மேலே ஏறு’ என்று கட்டைவிரலைக் காட்டினார். எல்லாரும் என்னால் பாதியிலேயே ஏற வேண்டியதாயிற்று. படகில் ஏறியபின், சரி, காற்றை மிச்சம் பிடிப்பதையே போட்டியாக வைக்கலாமே என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து மிச்சம் பிடிப்பவனின் இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கித் தலை இடிக்கும். அடக்கிய மூச்சோடு மேலே எழும்பினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆழத்துக்கும் இதே கதிதான்: யார் அதிக ஆழம் போனார் என்று பார்ப்பவருக்கு நைதரசன் மயக்கமும் மேலே வரும்போது மூட்டுகளைப் பிடிக்கும் நோயும் காத்திருக்கின்றன.

உங்கள் மகன் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கக்கூடும். 1959இல் மொனாக்கோவில் தொடங்கப்பட்டு, பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் குஸ்தோ முதல் தலைவராயிருந்த உலக நீரடிச் செயற்பாடுகள் கூட்டமைப்பு, சிலிண்டரோடு நடக்கும் போட்டிகளையும் நடத்துகிறது. துடுப்பு நீச்சலில் ஒரு பிரிவினர் சிலிண்டரை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நீருக்குள் பாய்ந்து செல்வர்; இன்னொரு போட்டியில் திசைகாட்டியை மட்டும் நம்பி நீருக்கடியில் குறிகளைத் தேடிப் போவர். அவை ஐயத்துக்கு இடமில்லாத விளையாட்டுகள். தம்பி அவற்றில் இறங்கினால் கட்டத்தை மாற்றி எழுதலாம். புறாத்தீவில் கறுப்புமுனைச் சுறாவைப் பார்த்துவிட்டு வருவது அந்தக் கணக்கில் சேராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மன்னார்க் கடலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முத்துக்குளித்தவர்கள் செய்தது வயிற்றுப்பாட்டுக்கான தொழில். அதே மூச்சடக்கி மூழ்குதல் இன்று மீற்றரும் நொடியும் வைத்து அளக்கப்படும் உலகப் போட்டியாகி, 130 மீற்றரையும் தாண்டிவிட்டது. கருவியில்லாதவருடையது விளையாட்டாயிற்று, கருவி பூட்டியவருடையது பொழுதுபோக்காக நின்றுவிட்டது.

பொழுதுபோக்கு என்றதும் மகன் முகம் வாடினால், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிச் சொல்லுங்கள். கடலுக்கடியில் எடையின்றி மிதப்பது விண்வெளியில் மிதப்பதற்கு நெருக்கமானது என்று கருதிய அவர், சுழியோடும் ஆசையாலேயே 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1624இல் போர்த்துக்கேயர் இடித்த திருகோணமலைக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைச் சுவாமி மலையடியில், கடலுக்குள் கண்டவர்களும் அவரையும் அவரது நண்பர் மைக் வில்சனையும் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள்தாம்.

உங்கள் கணவர் சிரிப்பதில் இன்னொரு நியாயம் இருக்கிறது. கடலட்டைக்குப் போகிறவர் ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்குவார். இன்று வேண்டாம் என்று தோன்றினாலும் இறங்க வேண்டியிருக்கும். மகனுக்கோ காது வலித்தால் படகிலேயே இருந்துவிடலாம். விண்ணப்பத்தில் பயிற்சியின் தரத்தையும் இறங்கிய தடவைகளின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். வேலை தருபவருக்கு அதுதான் பயன்படும்.

கேள்வி: சுழியோடல் ஒலிம்பிக்கில் இருக்கிறதா, ஐயா?
– ஒரு மாணவர், கிண்ணியா

பதில்: இல்லை, தம்பி. 1904 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது பலகையிலிருந்து நீருக்குள் பாயும் போட்டி; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் பலர் குழம்புகிறார்கள். ஆனால் 1900இல் பாரிஸில், கருவி எதுவுமின்றி நீருக்கடியில் நீந்தும் போட்டி ஒன்று நடந்தது. ஒரு மீற்றருக்கு இரண்டு புள்ளி, உள்ளே இருந்த ஒரு நொடிக்கு ஒரு புள்ளி. வென்றவர் 60 மீற்றர் நீந்திய பிரெஞ்சுக்காரர். டென்மார்க் வீரர் ஒருவர் 90 நொடி உள்ளே இருந்தும், வட்டமடித்துக்கொண்டிருந்ததால் மூன்றாமிடமே பெற்றார். பார்வையாளர்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறென்ன தெரிந்திருக்கும்? ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி மறுபடி நடக்கவேயில்லை.