தினை அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனால்

பாக்கெட் தினை மாவில் நாட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றிச் செய்தீர்கள், எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிட்டது என்கிறீர்கள். பாகு இளசாக இருந்திருக்கும். காய்ந்த மாவும் ஒரு காரணம்.

அடுத்த முறை தினையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்புங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலியுங்கள். தினை மட்டும் போட்டால் பிடிப்பு குறைவு; மூன்றில் ஒரு பங்கு பச்சரிசி சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு கப் மாவுக்கு மூன்று கப் வெல்லம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கணபதி அக்ரஹாரம், இலுப்பைக்கோரை ஊர்களில் காய்ச்சும் அச்சுவெல்லம் கிடைத்தால் விடாதீர்கள். கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள்.

பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கரைந்தால் இளசு, 'டக்'கென்று சத்தம் கேட்டால் முற்றிவிட்டது. என் முதல் அதிரசம் அந்த இரண்டாவது ரகம், பாக்குவெட்டி தேவைப்பட்டது! அடுப்பை அணைத்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறி, ஒரு நாள் மூடி வையுங்கள். மிதமான தீயில் சுடுங்கள்.

இந்த முறை பிரிந்துபோன மாவில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். ஈர அரிசி மாவு இரண்டு கைப்பிடி பிசைந்து ஒன்றைச் சுட்டுப் பாருங்கள்.

அப்புறம், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால்தான் தினைக்கு மாறினேன் என்றீர்களே. வெல்லமும் சர்க்கரைதான், அம்மா. அவருக்கு ஒன்றில் பாதி போதும்.