ஞாயிற்றுக்கிழமை சினிமாவும் மாதச் சந்தாவும்

அன்புள்ள சார்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் படத்துக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். டிக்கெட், புக்கிங் சார்ஜ், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, செலவைப் பற்றித்தான் பேசினோம். இனிமேல் ஓடிடியில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

என் அப்பா இங்கே பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தார். 1988 வாக்கில் அவருக்கு வாரம் 150 ரூபாய் சம்பளம். அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்களை சினிமாவுக்குக் கூட்டிப் போவார். இரண்டு ரூபாய் பெஞ்ச் டிக்கெட், இடைவேளையில் முறுக்கு, டீ. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாதம் 42,000 ரூபாய் வாங்குகிறோம். இருந்தும் இரண்டு மாதத்துக்கு ஒரு படத்துக்கே யோசனையாக இருக்கிறது. நாடு வளர்கிறது, வருமானம் கூடியிருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் எங்களுக்குச் செலவு செய்யத் தெரியவில்லையா, இல்லை கஞ்சத்தனம் வந்துவிட்டதா? வீட்டில் வைஃபை, இரண்டு போன், இரண்டு ஓடிடி இருக்கிறது. வேறு ஆடம்பரம் எதுவும் கிடையாது.

ஒரு வாசகி,
திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

கஞ்சத்தனமும் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அப்பா காலத்தில் நாலு டிக்கெட் எட்டு ரூபாய். முறுக்கு, டீக்கு இன்னொரு ஏழு ரூபாய் வைத்துக்கொள்வோம். பதினைந்து ரூபாய், அதாவது அவருடைய வாரச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் இருவரின் சம்பளத்தை வாரக் கணக்காக்கினால் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அதில் 1,900 என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு ஆளின் உழைப்பில் பத்தில் ஒன்றாக இருந்தது, இரண்டு ஆளின் உழைப்பில் ஐந்தில் ஒன்றாக ஆகியிருக்கிறது. யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. வாராவாரம் பத்தில் ஒரு பங்கு என்றால், அப்பா தன் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பத்து சதவீதத்தை சினிமாவுக்குக் கொடுத்திருக்கிறார். மத்திய அரசு 2022-23இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், நகரத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் பொழுதுபோக்கு ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதே ஆய்வில் தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். நாலு பேருக்கு முப்பதாயிரத்து ஐந்நூறு. உங்கள் 42,000த்தில் கடன் தவணையும் சேமிப்பும் போக மிஞ்சுவது இந்தச் சராசரிக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் படும் யோசனை தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் யோசனைதான்.

அப்படியானால் அப்பாவால் எப்படி முடிந்தது? லைன் வீட்டு வாடகை, அரசுப் பள்ளி, சைக்கிள், ரேஷன் அரிசி. உங்கள் வீட்டில் இருந்ததை நான் ஊகிக்கிறேன், ஆனால் அன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பெரும்பாலோர் வாழ்க்கை அதுதான். ஸ்கூல் வேன் கிடையாது, பெட்ரோல் கிடையாது, செல்போன் கிடையாது. அவருடைய 150 ரூபாயில் சோற்றுக்கும் துணிக்கும் போக மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை என்ன செய்வது என்பது அவர் கையில் இருந்தது. உங்கள் சம்பளம் வங்கிக்கு வரும்போதே அதில் முக்கால்வாசி எங்கே போக வேண்டும் என்று ஏற்கெனவே எழுதி வைத்தாகிவிட்டது.

சம்பளம் வரும் கிழமைக்கும் இதில் பங்கு உண்டு. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் கையில் அன்று ராத்திரி நோட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் கறிக்கடைக்கும் சினிமாவுக்கும் கூட்டம் அலைமோதும். கையில் வாங்கிய காசை அடுத்த நாளே கண்ணால் பார்த்துச் செலவழித்தார்கள். சந்தோஷத்துக்கும் அதன் விலைக்கும் நடுவே ஒரு ராத்திரிதான் இடைவெளி. மாதச் சம்பளக்காரருக்கு அந்தத் தாளம் கிடையாது. அதனால்தான் இன்றைய பொழுதுபோக்கு மாதச் சந்தாவாக மாறி வந்து நிற்கிறது.

நீங்கள் “வேறு ஆடம்பரம் எதுவும் கிடையாது” என்று எழுதிய இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி தரும் சாதாரண பிளான் 2024 ஜூலையில் 239இலிருந்து 299 ஆனது. இரண்டு போனுக்கு 598. அதுவும் 28 நாளைக்கு, ஆகவே வருடத்துக்குப் பதின்மூன்று தடவை கட்டுகிறீர்கள். வைஃபை 499 ரூபாய் பிளான் என்றால் வரியோடு 589. இரண்டு ஓடிடிக்கு மாதம் இருநூறு, முந்நூறு. கூட்டிப் பாருங்கள், 1,400 ரூபாய்க்குக் குறையாது. வீட்டை விட்டு வெளியே கால் வைக்காமலே ஒவ்வொரு மாதமும் முக்கால் தியேட்டர் பில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தியேட்டரில் 1,900 உறைக்கிறது, இது உறைப்பதில்லை. தானாகக் கழிந்துகொள்வதால் யாரும் இதைப் பேசிக்கொண்டே வீடு திரும்புவதில்லை. போன் என்பது வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கூட வேண்டியதுதான், எல்லாவற்றையும் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த டேட்டா எதற்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, தியேட்டர் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸுக்கு 120 ரூபாயிலிருந்து 150 ஆக உயர்த்தினார்கள். உள்ளாட்சி கேளிக்கை வரி, அதன்மேல் ஜிஎஸ்டி சேர்ந்துதான் 190 ரூபாய் என்ற எண் நமக்குப் பழகியது. நாலு பேருக்கு 760. உங்கள் 1,900இல் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் டிக்கெட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டவை. அரசின் உச்சவரம்பு டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது, புக்கிங் கட்டணத்துக்கும் பாப்கார்னுக்கும் எட்டுவதில்லை.

பாப்கார்ன் ஏன் இந்த விலை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு, படம் ஓட ஓடத்தான் தியேட்டர்காரரின் பங்கு கூடும் என்பது பழைய ஏற்பாடு. ஐம்பது நாள், நூறு நாள் ஓடிய காலத்துக்கு அது சரி. இன்றைக்கு ஒரு தமிழ்ப்படம் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது, பாதிப் படங்கள் முதல் ஞாயிறோடு அடங்கிவிடுகின்றன. தியேட்டர்காரருக்குப் பங்கு கூடும் நாட்கள் வருவதே இல்லை. கேண்டீன் வருமானத்தை அவர் யாரோடும் பங்கு போட வேண்டாம். பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்களில் ரசிகர் டிக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால் தின்பண்டத்துக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் கொடுக்கிறார் என்பது அவர்களுடைய கணக்கிலேயே இருக்கிறது. காரணம் புரிகிறது. அதற்காக நாலு பேர் குடும்பத்தின் இடைவேளையில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நாம் அதிகம் இழந்தது அந்த இரண்டு ரூபாய் பெஞ்ச் என்று நினைக்கிறேன். தரை, பெஞ்ச், சேர், சோபா, பால்கனி என்று ஒரே கூரைக்குள் நாலைந்து விலை இருந்தது. டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்தவரும், பின்னால் சேரில் சாய்ந்தவரும் அதே படத்தை அதே நேரத்தில் பார்த்தார்கள். உங்கள் கொங்குச் சீமைக்கு இதில் தனிப் பெருமை உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டத் தொடங்கி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். இன்றும் அந்தத் தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். மதுரையில் 1952இல் தொடங்கிய தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கைகள் இருந்தன. அவ்வளவு பெரிய கொட்டகையை நிரப்ப வேண்டுமானால் கூலிக்காரரும் வந்தாக வேண்டும், அவருக்கு ஒரு விலை வைத்தாக வேண்டும். முந்நூறு சீட் கொண்ட அரங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மல்டிபிளெக்ஸ் வந்த பிறகும் முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட் வைக்க வேண்டும் என்று இங்கே விதி இருந்தது. நல்ல விதி. ஆனால் குடும்பத்தோடு போகிறவர் கைக்கு அந்த டிக்கெட் வந்து சேர்ந்தது அபூர்வம்.

அப்பாவைப் பற்றி எழுதினீர்கள், அம்மாவைப் பற்றி எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சினிமாவால் அதிகம் சந்தோஷப்பட்டவர் அவராகத்தான் இருந்திருப்பார். கோயில், கல்யாணம், சாவு வீடு தவிர ஒரு பெண் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் மூன்று மணி நேரம் யாருக்கும் எதுவும் எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருக்க சினிமா கொட்டாய்தான் இருந்தது. பெண்களுக்குத் தனி கவுண்டர், தனி வரிசை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து மேட்னி ஷோ போனவர்கள் எத்தனை பேர்! ஓடிடியில் படம் கிடைத்துவிடுகிறது, இந்த மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் படம் ஓடும்போது நடுவில் எழுந்து தோசை ஊற்றப் போவது யார்? அதனால் “ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம் என்பேன். பணத்துக்கு அது சரியான கணக்கு, உங்களுக்கு அது சரியான கணக்கு இல்லை.

விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 23ஆம் தேதியை தேசிய சினிமா தினம் என்று அறிவித்து, நாடு முழுக்கப் பல மல்டிபிளெக்ஸ்களில் 75 ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார்கள். அன்று ஒரே நாளில் 65 லட்சம் பேர் வந்தார்கள் என்று மல்டிபிளெக்ஸ் சங்கமே சொன்னது. வந்தவர்கள் எல்லாம் புதிதாக சினிமா ஆசை பிறந்தவர்கள் இல்லை. விலைக்காக ஒதுங்கி நின்றவர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்திருக்கிறது. நூறுக்கு மேல் போனால் 18தான். ஒவ்வொரு அரங்கிலும் கால்வாசி சீட்டை நூறுக்குள் வைத்து, அதை ஆன்லைனிலும் கவுண்டரிலும் ஒளிக்காமல் விற்றால் என்ன? உச்சவரம்பு போடத் தெரிந்த அரசுக்கு இதைக் கேட்கவும் முடியும். மேல் விலை எவ்வளவு என்று வருடா வருடம் சண்டை நடக்கிறது, கீழ் விலைக்காகப் பேச ஆள் இல்லை. இதை யாராவது கையில் எடுக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்? இரண்டு ஓடிடியில் ஒன்றை நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் அதைச் சேர்த்து மற்றதை நிறுத்தலாம், படங்கள் எங்கும் ஓடிவிடாது. உங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் நல்ல திரையும் ஒலியும் உள்ள தனித் தியேட்டர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கவுண்டரில் டிக்கெட் எடுத்தால் புக்கிங் கட்டணம் மிச்சம், இடைவேளைச் செலவும் பாதிக்குக் கீழே வரும். நாலு பேருக்கு 800, 900 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பது மாதம் ஒன்றாகும். பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். வெளி உணவைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் பையில் முறுக்கு வைத்து வாசலில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஆனால் அதே தீர்ப்பில் சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும் என்பதும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. தண்ணீர் எங்கே என்று கேளுங்கள். பாட்டில்தான் இருக்கிறது என்றால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை.

அன்புடன்.