சிப் ஷாட்டில் கை உதறுவது ஏன்?

கேள்வி: கோல்ஃபில் தொலைவிலிருந்து நன்றாக அடிக்கும் நான், குழியைச் சுற்றிய குட்டைப்புல் தளமான கிரீனுக்கு அருகில், பந்தைச் சற்றே எழுப்பி உருளவிடும் சிப் என்ற சிற்றடியை அடிக்கும்போது மட்டும் தரையில் குத்துகிறேன் அல்லது பந்தின் நடுவில் அடித்து மறுபக்கம் ஓடவிடுகிறேன். இது மனத்தின் கோளாறா, கையின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன, எனினும் கையிலிருந்தே தொடங்குங்கள், ஏனெனில் ஷாட் திரும்பத் திரும்பப் பிழைப்பதால்தான் அச்சம் வளர்கிறது. பந்தைப் பின்காலருகே வைத்துப் பிடியை மிகவும் முன்னே சாய்த்தால், வெட்ஜ் என்ற சாய்முக மட்டையின் முன்விளிம்பு மண்ணில் இறங்கிவிடும். அதன் அடியிலுள்ள பவுன்ஸ் என்ற புடைப்பு புல்மீது வழுக்கிச் செல்வதற்காகவே அமைக்கப்பட்டது. எனவே பந்தை ஏறத்தாழ நடுவில் வைத்து, கால்களை நெருக்கி, எடையைச் சற்றே முன்காலில் நிறுத்தி, மார்பு இலக்கை நோக்கித் திரும்பும்வரை நில்லாமல் சுழலுங்கள். பின்சுழற்சியை நீளமாக எடுத்துவிட்டுப் பந்தருகே தயங்குவதுதான் பலரிடம் நான் காணும் பெரும் பிழை. மணிக்கட்டு உதறுவதும் அந்தத் தயக்கத்தில்தான்.

கை தன்னிச்சையாகத் துள்ளும் நிலையை யிப்ஸ் என்பார்கள். அது சிலருக்குப் பதற்றத்தாலும், சிலருக்கு நரம்பு சார்ந்த தசைக் கோளாறாலும் வருகிறது. ஆகவே உங்களை நீங்களே கோழை என்று கடிந்துகொள்ள வேண்டாம். டைகர் வுட்ஸே 2015-இன் தொடக்கத்தில் சிப் அடிக்கத் திணறினார். பழைய அசைவிலிருந்து மூளையை விலக்கப் பிடியை மாற்றிப் பார்க்கலாம்: 2022 யூஎஸ் ஓப்பனை வென்ற மேட் ஃபிட்ஸ்பாட்ரிக் இடக்கையைக் கீழே வைத்தே சிப் அடிக்கிறார். பயிற்சியில் பந்து எங்கே விழவேண்டும் என்ற இடத்தை மட்டும் பார்த்து அடியுங்கள். சிப் கைவரும்வரை போட்டிகளில், புல் குட்டையாக இருக்குமிடத்தில், பந்தை உருட்டும் மட்டையான பட்டரையோ (putter), குறைந்த சாய்வுள்ள எட்டாம் அயர்ன் மட்டையையோ எடுத்துப் பந்தை உருட்டிவிடுங்கள்.