மூன்றாம் ஆண்டில் ஆர்வமே போய்விட்டது, விட்டுவிடலாமா?

கேள்வி: பேட்டரித் துறையில் பிஎச்டி, மூன்றாம் ஆண்டு. கியூஇ எனும் தகுதித் தேர்வைத் தாண்டிவிட்டேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு சிங்கப்பூர் தரும் சிங்கா உதவித்தொகை 4 ஆண்டுக்குத்தான். ஆனால் எந்தச் செல்லைப் போட்டாலும் பாதியிலேயே மின்னைத் தேக்கும் கொள்ளளவு விழுந்துவிடுகிறது, லேபுக்குப் போகவே கால் வரவில்லை. கூடப் படித்தவர்கள் ஊரில் வீடே கட்டிவிட்டார்கள். எனக்கு மனவுறுதி போதவில்லையா?
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மனவுறுதி இல்லாதவர் கியூஇ தாண்டி வந்திருக்க மாட்டார் தம்பி, அந்தப் பழியை முதலில் இறக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் சார்ஜ், ஒரு மணி நேரம் டிஸ்சார்ஜ் என்று ஒரு காயின் செல்லை (காசு அளவுச் சோதனை பேட்டரி) 500 சுற்று ஓட்டினால் 1000 மணி நேரம், கிட்டத்தட்ட 6 வாரம். அத்தனை நாள் காத்திருந்து, செல் தேறவில்லை என்று மட்டும் தெரிந்தால் யாருக்குத்தான் மறுநாள் லேபுக்குப் போகத் தோன்றும்? டெரேசா அமபைல் என்ற ஹார்வர்டு பேராசிரியர், 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை அலசிப் பார்த்தார். மனம் வேலையில் ஒட்டிய நாட்களில் மற்ற எதையும்விட அதிகம் தென்பட்டது, அன்று வேலை கொஞ்சமாவது நகர்ந்திருந்தது என்பதுதான். உங்களுக்கு அந்த நகர்வுதான் கண்ணில் படவே இல்லை.

அதனால் ஆறு வாரக் கேள்வியை உடையுங்கள். ஒரே மாதிரி மூன்று செல் கட்டி 20 சுற்று மட்டும் ஓட்டுங்கள், ரெண்டே நாளில் முடிந்துவிடும். மூன்றும் மூன்று விதமாக ஓடினால் நீங்கள் ஆராயும் பேட்டரிப் பொருளைச் சந்தேகப்படும் முன் செல் கட்டும் விதத்தைப் பாருங்கள்: செல் கட்டும் மூடிய பெட்டியான குளோவ்பாக்ஸில் ஈரப்பதம் எவ்வளவு, எலக்ட்ரோலைட் திரவத்தை அளந்துதான் விடுகிறீர்களா, செல்லை அழுத்தி மூடும் கிரிம்பரின் அழுத்தம் ஒரே அளவா. மூன்றும் ஒன்றுபோல் விழுந்தால் ரொம்ப நல்லது, அது உங்கள் பொருளே சொல்லும் பதில், ஏன் விழுகிறது என்று தேடுவதே ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகலாம். அந்த வரைபடங்களை, விழுந்தவற்றையும் சேர்த்து, அப்படியே புரொபசரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நல்ல முடிவு வரட்டும் என்று மாதக்கணக்கில் அவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் பல மாணவர்களை உள்ளுக்குள் அரிக்கிறது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் அது வேறு விஷயம், பல்கலைக்கழக ஆலோசகரை இந்த வாரமே பாருங்கள். விடுவதா வேண்டாமா என்பதை இப்படி ரெண்டு மாதம் வேலை செய்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அப்போதும் இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை என்றால், முதுநிலைப் பட்டமாக மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று துறை அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.