பழைய தோட்ட ஆஸ்பத்திரி: சாயம் பூசுவதற்கு முன் நில அலுவலகம்

கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டுவிட்டன. ஜப்பான்காரன் காலத்துக்கு முந்திய ஆஸ்பத்திரிக் கட்டடம் மட்டும் நிற்கிறது. அதில் நூலகமும் மாலை வகுப்பும் முதியோர் கூடமும் நடத்த ஆசை. உரிமையாளரும் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். சீரமைப்பை எங்கே தொடங்குவது?

பதில்: மாவட்ட நில அலுவலகத்தில். வாய்ச்சொல்லை நம்பி ஊர்ப் பணத்தைக் கொட்டிய பிறகு நிலம் விற்கப்பட்டால், புதியவர் உங்களை வெளியேறச் சொல்லலாம். கட்டணம் கட்டி நிலப்பதிவைத் தேடிப் பாருங்கள். உரிமையாளர் யார், வங்கியில் அடமானம் உண்டா, நிலம் எந்த வகை என்பதெல்லாம் தெரிந்துவிடும். தோட்ட நிலம் பெரும்பாலும் விவசாய வகையில்தான் இருக்கும். அதை மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்கீழ் உரிமையாளர்தான் மனுச் செய்ய வேண்டும்.

3 ஆண்டு வரையிலான வாடகைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் பலர் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைவிட நீண்ட குத்தகையாகப் பேசி, பதிவு செய்யுங்கள். நிலம் கைமாறினாலும் உரிமை நிற்கும். அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். ஊர் சார்பில் பொறுப்பேற்க, 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற நகராண்மைக் கழக அனுமதி தனி.

இனிச் சுவர். அக்காலத்துச் செங்கல் சுவருக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். அது ஈரத்தை இழுத்து, வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் சாயமும் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியும். முழங்கால் உயரம் வரை சாயம் கொப்பளித்திருக்கிறதா, விரலால் தட்டினால் மாவாக உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் முதல் வேலை பூச்சல்ல, தண்ணீர்: கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் திருப்பி, சாக்கடையைத் தூர்வாரி, சிமெண்டைச் சுரண்டி, சுவரைக் காயவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். பிறகு சுண்ணாம்பே பூசுங்கள்.

கூரையில் சாம்பல் நிற நெளித்தகடு இருந்தால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) என்று பிள்ளைகளை ஏற்றி உடைக்கவிடாதீர்கள். உரிய தகுதி பெற்றவர் கழற்றட்டும்.

கடைசியாகப் பணம். கோயில் திருப்பணிக்கு அள்ளித் தருகிற ஊர், மின்கட்டணத்துக்குத் தராது. ஓர் அறையைத் தையல் கடைக்கோ மழலையர் வகுப்புக்கோ மாத வாடகைக்கு விடுங்கள். அதற்கு இசைவாக, உள்வாடகைக்கு அனுமதி உண்டு என்ற வரியைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.