சாரி சொன்ன பிறகும் பொறுப்பேற்க என்ன இருக்கிறது?

நண்பரின் பைக்கை இரவல் வாங்கிக் கீழே போட்டுவிட்டீர்கள், சாரியும் சொல்லிவிட்டீர்கள், இதற்கு மேல் பொறுப்பேற்பது என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். அந்த நட்டம் இப்போது யார் தலையில் இருக்கிறது என்று பாருங்கள். உடைந்த ஹெட்லைட்டுக்கு அவர்தான் பணம் கொடுக்கப்போகிறார் என்றால் உங்கள் சாரியால் எதுவும் மாறவில்லை.

எங்களுக்கு குலசேகரம் பக்கம், ரப்பர் ஊர். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி பட்டைக்குள் எவ்வளவு போகலாம் என்பது மில்லிமீட்டர் கணக்கு, கொஞ்சம் ஆழமாகிக் கட்டையில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். ஆனால் அன்றைக்குப் பால் வழக்கம்போல வடியும், தோட்டக்காரருக்கு ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து அதே பக்கம் மறுபடி வெட்ட வரும்போதுதான் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து கத்தி ஓடாமல் நிற்கும், அதற்குள் வெட்டியவர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார், யாரைக் கேட்பது? எங்கள் மாமாவிடம் வேலை செய்த ஒரு அண்ணன், காயம் பட்ட அன்றைக்கே எந்த மரம் என்று வந்து சொல்லிவிடுவார், மருந்தும் அவரே பூசுவார். மாமா சத்தம் போடுவார், அண்ணன் நின்று கேட்டுக்கொள்வார். விடியுமுன் இருட்டில் செய்கிற வேலை, வெளிச்சம் போதவில்லை என்று சொன்னால் அது பொய்யாகவும் இருக்காது, இருந்தும் அவர் அதிலிருந்து பேச்சைத் தொடங்கியதில்லை. பொறுப்பு என்றால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

பதவியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் விரியும். 1956 நவம்பரில் வெள்ளத்தில் பாலம் உடைந்து அரியலூரில் ரயில் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருடம் மகபூப்நகர் விபத்துக்கே அவர் ராஜினாமா கொடுத்திருந்தார், நேருதான் ஏற்கவில்லை. ரயிலை ஓட்டியது அவரில்லை, ஆனால் துறை அவருடையது. (ராஜினாமாவோடு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அடுத்த மழைக்குப் பாலம் நிற்க வேண்டுமே.)

சரி, உங்கள் விஷயம். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு நீங்களே கொண்டு போங்கள், பில்லை அவரிடம் காட்டக்கூட வேண்டாம். வண்டி நிற்கிற நாட்களில் அவர் வேலைக்கு எப்படிப் போவார் என்று கேளுங்கள், பஸ் என்றால் காசு கொடுங்கள், இல்லையென்றால் நீங்களே கொண்டு விடுங்கள். ரோட்டில் மணல் கிடந்தது என்கிற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அவர் கோபம் தணிய நாளாகலாம், அதற்கு அவசரப்படுத்தாதீர்கள்.