இரண்டாவது காப்பி எங்கே இருக்கிறது?

இந்த முறை கம்ப்யூட்டர் பற்றி வாசகர்களிடமிருந்து வந்தவை பெரும்பாலும் "எந்த பிராண்ட் வாங்கலாம்" என்ற கேள்விகள்தான். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, வாங்கிய பிறகு மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகளை எடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை எந்தக் கடையிலும் திரும்ப வாங்கலாம். உள்ளே இருந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கேள்வி: ஐயா, அப்பத்தாவின் சாந்திக் கல்யாண வீடியோ, பழைய படங்கள், வீட்டில் இருந்த இசைகுடிமான (கல்யாணப் பதிவு) ஏடுகளின் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்தோம். திருவிழாவுக்கு எல்லோரும் வந்திருந்தபோது பிள்ளைகள் கை பட்டுக் கீழே விழுந்துவிட்டது. இப்போது செருகினால் டிக், டிக் என்று சத்தம் வருகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகும் என்கிறார் கொழுந்தனார். பக்கத்துக் கடைக்காரர் பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார். வாரண்டி இருக்கிறது. என்ன செய்ய?
வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில், இனி ஒருமுறைகூட அதைச் செருகாதீர்கள். "இப்பவாவது வருதா பார்ப்போம்" என்று செருகுவதில்தான் மிச்சமிருப்பதும் போகிறது. ஹார்டு டிஸ்குக்குள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. படிக்கிற முனை அதைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மேலே மிதக்கிறது. விழுந்ததில் அந்த முனை கெட்டிருக்க வேண்டும். அந்த டிக் டிக் சத்தம், முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்பது. கெட்ட முனை தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த படம் போனது போனதுதான்.

கொழுந்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். கடைக்காரர் பிரிப்பதும் வேண்டாம். ஒரு தூசி உள்ளே விழுந்தாலே போதும், முனையும் தட்டும் சேதமாகும். டேட்டா ரெகவரி செய்பவர்கள் தூசி வடிகட்டிய அறையில்தான் அதைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட இடங்கள் சென்னை, பெங்களூர் மாதிரியான ஊர்களில் இருக்கின்றன. அனுப்பும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பார்த்துச் சொல்ல எவ்வளவு, எடுத்துக் கொடுக்க எவ்வளவு, ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா. எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறோம் என்று போனிலேயே உறுதி கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். டிஸ்க்கைப் பார்க்காமல் அதைச் சொல்லவே முடியாது.

வாரண்டியை நம்பி நேராக கம்பெனிக்கு அனுப்பிவிடாதீர்கள். வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும், உள்ளே இருப்பதற்கு இல்லை. போதாக்குறைக்கு, கீழே விழுந்தது பொதுவாக வாரண்டியில் சேராது. ஒருவேளை மாற்றிக் கொடுத்தாலும் காலியான வேறு டிஸ்க்தான் வரும், உங்களுடையது திரும்பி வராது.

சரி, கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்? மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு இதுதான். இந்த விஷயத்தில் நம் செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வீடு இங்கே, ஒரு பிள்ளை சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் அல்லது கோலாலம்பூரில் என்றுதான் பாதி வீடு. இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் ஏற்றி, அடுத்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் வரும்போது கொண்டுவந்து, புதியதை ஏற்றிக்கொண்டு போகட்டும். மாதச் சந்தா கிடையாது, நெட் வேகம் தேவையில்லை.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. கதவு தேக்குதான், பூட்டும் பெரிதுதான். ஓடு ஒழுகினால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

கூகுளில் ஏற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. கல்யாண வீடியோ ஒன்றே அதைத் தின்றுவிடும். ஸ்கேன் செய்த ஏடுகள், முக்கியமான படங்கள் மட்டும் அங்கே இருக்கட்டும், அதுவே மூன்றாவது காப்பி. ஒன்று கவனம்: போனில் உள்ள போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் கூகுளில் ஏறியிருக்கும் காப்பியும் சேர்ந்து அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் பார்த்தால் மீட்கலாம்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறோம். பட்டறையை ஒட்டிய அறையில்தான் கம்ப்யூட்டர். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடும்போது திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறது. சில நாள் தேதி 2010-க்குப் போய்விடுகிறது, அப்போது பேங்க் தளம் திறப்பதில்லை. மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் பையன். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
டைல்ஸ் தொழில் செய்பவர், ஆத்தங்குடி

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு, இரண்டும் மலிவானவை.

தேதி பின்னால் போவது மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்ததால். சி.ஆர். 2032 என்று கேளுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். அதனால்தான் திறப்பதில்லை.

அணைந்து போவது பெரும்பாலும் சூட்டால். சிமெண்டும் மணலும் கலர்ப் பொடியும் பறக்கிற இடம் உங்களுடையது. பிராசஸர் மேலே இருக்கும் விசிறிக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் சிமெண்ட் அடைத்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் போனால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஒயரைக் கழற்றிவிட்டு, வெளியில் கொண்டுபோய் வைத்து, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றினால் அதன் பேரிங் கெடும். ஈரத்துணி கிட்டேயே வரக்கூடாது, உங்கள் தூசியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து வருஷம் ஆன மெஷின் என்றால் பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். கேபினட் தரையில் இருந்தால் மேசைக்கு ஏற்றுங்கள்.

இத்தனையும் செய்து, அப்புறமும் அணைந்தால் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மதர்போர்டு கடைசிச் சந்தேகம்.

டேலி கணக்கு எங்கே காப்பி ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. டேலி பிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப். போகிற இடமாக அதே டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள், தனி டிஸ்க்கைக் கொடுங்கள். முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டும்.

புதுசு வாங்க ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. தனியாகப் பதிந்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். யாராவது "செகண்ட்ஸ், சூப்பர் கண்டிஷன்" என்று மலிவாக நீட்டினால், எத்தனையாவது தலைமுறை என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீட்டின் முன்பகுதியைத் தங்கும் விடுதியாக்கி இருக்கிறோம். முகப்பில் வைத்த கம்ப்யூட்டரின் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. யு.பி.எஸ். வாங்கினால் நின்றுவிடுமா? இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது.
விடுதி நடத்துபவர், கானாடுகாத்தான்

பதில்: நிற்காது. எர்த் இல்லை என்பதைத்தான் அந்தச் சுர் சொல்கிறது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் துளி மின்சாரத்தைக் கேபினட் வழியாக எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாத வீட்டில் அது உங்கள் கை வழியாகப் போகிறது. பழைய வீடுகளில் இரண்டு பின் பாயிண்ட்தான் ஓடியிருக்கும், யாரோ ஒருவர் மூன்று பின் சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு மூன்றாவது துளையைச் சும்மா விட்டிருப்பார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியிலிருந்து அந்தப் பாயிண்ட் வரை ஒயர் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரை உடைக்க மனசு வராது என்று தெரியும், அந்தச் சுண்ணாம்புப் பூச்சை இன்று யார் அப்படிப் பூசுவார்கள்? சுவருக்கு வெளியே கேசிங் வைத்து ஓட்டலாம். விருந்தாளிகள் வந்து போகிற இடம், இதில் தள்ளிப்போடாதீர்கள். எர்த் இல்லாவிட்டால், நீங்கள் வாங்கும் ஸ்பைக் பஸ்டரும் பாதி வேலைகூடச் செய்யாது.

யு.பி.எஸ். தனியாகத் தேவைப்படாமலும் போகலாம். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். என்றும் ஈகோ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதை யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் கரண்ட் போனதும் சட்டென்று மாறும், கம்ப்யூட்டர் அணையாது. அப்படியும் அணைந்தால் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போதும். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள், அது இழுக்கிற கரண்ட்டைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது. இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி இறங்கும், அப்போது பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், முழு யு.பி.எஸ்.ஸையும் தூக்கிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். 1953 முதல் இயங்குகிற, பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிற செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியில் இருந்தும், இந்த விஷயத்தில் நாம் இன்னும் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையும் இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 2 டி.பி. பென் டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கினேன். கம்ப்யூட்டரில் 2 டி.பி. என்றுதான் காட்டுகிறது. ஆனால் போட்ட படங்களில் பாதி திறக்கவில்லை.
புதுவயல்

பதில்: போலி. உள்ளே 16 அல்லது 32 ஜி.பி. சிப் இருக்கும், 2 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். நிறைந்த பிறகு போடுவதெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்து சேர்ந்தது என்று தளம் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 499 ரூபாய்க்கா என்று விட்டுவிடுகிறோம் என்பது விற்றவருக்கும் தெரியும்.

கேள்வி: ஆச்சி யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தபோது சைரன் சத்தத்தோடு "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, மைக்ரோசாப்டை அழையுங்கள்" என்று ஒரு நம்பர் வந்தது. ஆச்சி பயந்து கூப்பிட்டு, அவன் சொன்ன ஆப்பையும் போட்டுவிட்டார்கள்.
பேரன், பள்ளத்தூர்

பதில்: அது வெறும் விளம்பரப் பக்கம், எதுவும் பூட்டப்படவில்லை. மைக்ரோசாப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. ஆனால் ஆப் போட்டாயிற்று என்பதால் உடனே நெட்டைத் துண்டியுங்கள், அந்த ஆப்பை நீக்குங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் இப்போதே பேசுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. ஆச்சியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

கேள்வி: காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றிக் கொண்டுவந்தேன். ஆன் செய்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லை. சர்வீஸில் ஏதோ செய்துவிட்டார்களா?
மாணவர்

பதில்: அவர்கள் மேல் தப்பில்லை, முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்பதைத் தவிர. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாப்ட் கணக்கோடு முதல்முறை நுழையும்போதே டிஸ்க் தானாகப் பூட்டப்படுவது உண்டு. சாவி மதர்போர்டில் இருக்கும். மதர்போர்டு மாறியதும் டிஸ்க் உங்களை அந்நியராகப் பார்க்கிறது. லேப்டாப் திருட்டுப் போனால் இதே பூட்டு நல்லது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

போனில் மைக்ரோசாப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பக்கத்தில் பிட்லாக்கர் (இந்தப் பூட்டின் பெயர்) கீயைத் தேடுங்கள். திரையில் தெரியும் கீ ஐ.டி.யின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்போவதை எடுங்கள். அங்கே இல்லையென்றால், வாங்கிய அன்று வேறு மெயிலால் நுழைந்தீர்களா என்று யோசியுங்கள். கடைக்காரர் தன் மெயிலைப் போட்டு ஆன் செய்து கொடுப்பதும் நடக்கிறது, அவரிடமும் கேளுங்கள். பல்கலைக்கழக மெயில் என்றால் அங்குள்ள கம்ப்யூட்டர் பிரிவில் கேட்கலாம். எங்கேயும் இல்லையென்றால் டிஸ்க்கை அழித்துத்தான் மறுபடி பயன்படுத்த முடியும், எந்த ரெகவரி கடையும் அதைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மற்ற வாசகர்கள், உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அந்த 48 இலக்கத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.